சோபா விற்ற வீடு

தொழில் வழிகாட்டல் பிரிவுக்குப் புதிதாக வந்திருக்கும் உங்கள் மூன்று பேருக்கும் ஏதாவது எழுதித் தரச் சொல்லி உங்கள் பணிப்பாளர் கேட்டார். பிள்ளைகளை நேர்முகப் பரீட்சைக்கு எப்படித் தயார் செய்வது, சுயவிபரக் கோவையை எத்தனை பக்கத்தில் முடிப்பது என்பதெல்லாம் உங்களுக்கு என்னைவிட நன்றாகத் தெரியும். நான் அதை எழுதப்போனால் சிரிப்பீர்கள். அதனால் இருபத்தாறு வருடம் உங்கள் பிரிவின் கதிரையில் இருந்து நான் விட்ட பிழைகளில் ஒன்றை மட்டும் சொல்கிறேன். என் பிழைகளில் இன்னும் என்னோடு கோபமாக இருப்பது அது ஒன்றுதான்.

பட்டமளிப்பு முடிந்து ஆறாம் மாதம் ஒவ்வொரு பிள்ளைக்கும் ரெலிபோன் எடுத்து, இப்போது என்ன செய்கிறாய் என்று கேட்டு, போம் என்று நாங்கள் சொல்லும் படிவத்தில் சரி போடுவது நம் பிரிவின் வழக்கம். இப்போது கணினியில் செய்கிறீர்களாம், நல்லது. எங்கள் காலத்தில் கடதாசிப் போம், பிள்ளைக்கு ஒன்று. அதில் நான்கு பெட்டிகள்: முழுநேர வேலை, மேற்படிப்பு, வெளிநாடு, ஒன்றுமில்லை.

அந்த நாலாவது பெட்டிக்குள் நான் யார் யாரையெல்லாம் தள்ளியிருக்கிறேன் என்று நினைத்தால் இப்போது சிரிப்பு வருகிறது. வெள்ளவத்தையில் மூன்று ரியூஷன் வகுப்பில் படிப்பித்து, என்னைவிட நேரமில்லாமல் ஓடித் திரிந்த பொடியன் அதில் இருந்தான். அரசாங்கப் பட்டதாரி நியமனம் வரும் என்று பைலைத் தூக்கிக்கொண்டு அமைச்சின் வாசலுக்கும் வீட்டுக்கும் நடந்தவர்கள் இருந்தார்கள். பாரிசவாதம் வந்த தகப்பனைத் தூக்கிக் குளிப்பாட்டிய பிள்ளை இருந்தாள். கலியாணம் பேசுவதால் ‘மாப்பிள்ளை எந்த ஊரில அமையுமோ’ என்று எந்த வேலையிலும் சேர விடாமல் வீட்டில் வைத்திருந்த பிள்ளையும் அதில்தான். எல்லாருக்கும் ஒரே சரி. மேலிடத்துக்குப் போகும் அறிக்கையில் இந்தப் பெட்டி எவ்வளவு மெலிவாக இருக்கிறதோ அவ்வளவுக்கு நாங்கள் கெட்டிக்காரர்.

எங்கள் கந்தோரில் சிங்களப் பிள்ளைகளுக்கு நிமல் ரெலிபோன் எடுப்பார். அவர் எங்கள் எழுதுவினைஞர், களனியில் இருந்து வருபவர், அதிகம் கதைக்காதவர். தமிழ்ப் பிள்ளைகளுக்கு நான் எடுப்பேன். பிள்ளை சொன்னதை நிமல் அப்படியே எழுதிவிட்டு அடுத்த இலக்கத்துக்குப் போய்விடுவார். நான் அப்படி இல்லை. தமிழ் வீடுகளில் அம்மாமார் சொல்வதை அப்படியே எழுதக்கூடாது, அதற்குள் இருப்பதைப் பிடிக்க வேண்டும் என்பது என் கொள்கை. ‘ஒரு அலுவல் பாக்கிறம்’ என்றால் வெளிநாடு. ‘இப்ப ஒண்டும் சொல்லேலாது’ என்றால் நேர்முகம் கிட்ட வந்துவிட்டது. ‘சும்மா இருக்கிறா’ என்று குரலைத் தாழ்த்திச் சொன்னால், பாஸ்போட் இப்போது தூதரகத்தில் இருக்கிறது.

நம் ஆட்கள் விசா கையில் வரும்வரை வாய் திறக்க மாட்டார்கள். கண்ணூறு பட்டுவிடும் என்று பயம். என் சொந்த மச்சாளே கட்டுநாயக்காவில் பெட்டியைப் போட்டுவிட்டு, விமானத்தில் ஏறப்போகிற நேரம்தான் எனக்கு ரெலிபோன் எடுத்தாள். நான் கோபிக்கவில்லை. அவள் இடத்தில் நானும் அதைத்தான் செய்திருப்பேன். அதனால் ஒரு வீட்டில் குரல் தாழ்ந்தால் நான் அதற்குமேல் கேட்பதில்லை. அதை மரியாதை என்று நினைத்தேன். என் கெட்டித்தனம் என்றும் நினைத்தேன், பொய் சொல்வானேன்.

இனி மயூரியின் கதைக்கு வருகிறேன்.

மயூரி புள்ளிவிபரவியலில் முதல் வகுப்பு எடுத்த பிள்ளை. வெள்ளவத்தையில் என் வீட்டுக்கு இரண்டு ஒழுங்கை தள்ளி அவர்கள் வீடு. தகப்பன் புறக்கோட்டையில் ஒரு துணிக்கடையில் களஞ்சியப் பொறுப்பாளர், தாய் வீட்டோடு. ஒரு கேள்வி கேட்டால் மயூரி உடனே பதில் சொல்ல மாட்டாள். கொப்பியின் ஓரத்தில் எதையோ கிறுக்கிப் பார்த்துவிட்டுத்தான் சொல்வாள். சொன்னால் சரியாக இருக்கும்.

அவள் படித்த தொகுதிக்குப் பட்டமளிப்பு முடிந்து இரண்டு மாதம் இருக்கும். காலை பத்து மணிக்கு ஒரு ஆராய்ச்சி நிறுவனத்தில் இருந்து அழைப்பு வந்தது. பாதி அரசாங்க நிறுவனம். புள்ளிவிபரப் பிரிவுக்கு ஒருவர் வேண்டும், இரண்டு வருடம் வேலை செய்தால் தங்கள் செலவில் முதுமாணிப் படிப்புக்கு அனுப்புவார்கள். அப்படி ஒரு இடம் எங்கள் பிரிவுக்கு அடிக்கடி வருவதில்லை. பேசிய மேடம் நேராகவே சொன்னார்: “போன இரண்டு தடவையும் நீங்கள் அனுப்பியவர்கள் வருடம் முடியமுன் வெளிநாட்டுக்குப் போய்விட்டார்கள். இந்த முறை ஒரே ஒரு பெயர் தாருங்கள். நிற்கிற ஆளாகத் தாருங்கள். இதுவும் போனால் உங்களிடம் இனிக் கேட்க மாட்டோம். இரண்டு மணிக்குள் வேண்டும்.”

நான் முதலில் மயூரியின் கைத்தொலைபேசிக்குத்தான் எடுத்தேன். பதினொன்றரைக்கு எடுத்தேன், பதில் இல்லை. பன்னிரண்டுக்கு எடுத்தேன், அப்போதும் இல்லை. பன்னிரண்டரைக்கு வீட்டுக்கு எடுத்தேன். தாய்தான் பேசினார். பின்னால் பாத்திரச் சத்தம் பலமாகக் கேட்டது.

“மகள் நிக்கிறாவோ, அம்மா?”

“இல்லை மிஸ், வெளியில போயிற்றா.”

“இப்ப என்ன செய்யிறா?”

அங்கே கொஞ்ச நேரம் பேச்சில்லை. பிறகு குரல் தாழ்ந்தது. “இப்ப ஒண்டும் செய்யேல்ல, மிஸ். சும்மாதான் இருக்கிறா. பிறகு... ஆறுதலாச் சொல்லுறனே.”

எனக்கு அது போதுமாக இருந்தது. போதாததற்கு, முந்தின ஞாயிற்றுக்கிழமை நான் சந்தைக்குப் போய் வரும்போது அவர்கள் வீட்டு வாசலில் சின்ன லொறி ஒன்று நின்றது. நீலப் பூப்போட்ட சோபா செற்றையும் கண்ணாடி அலுமாரியையும் ஏற்றிக்கொண்டிருந்தார்கள். தகப்பன் என்னைக் கண்டு தலையைக் குனிந்துகொண்டார். வெள்ளவத்தையில் ஒரு வீட்டுக்காரர் சோபா செற்றை விற்றால் அதற்கு ஒரே அர்த்தம்தான். பக்கத்து வீட்டுக்காரரிடம் கேட்கவும் தேவையில்லை. நான் ஒன்றும் காணாதவள் மாதிரி நடந்துவிட்டேன்.

ரெலிபோனை வைத்துவிட்டு நிமலிடம் சொன்னேன், “மயூரி சரிவராது. குடும்பமாகப் போகிறார்கள்.”

நிமல் சிங்களத்தில் கேட்டார், “அந்தப் பிள்ளை சொன்னாளா, மிஸ்?”

“அம்மா சொன்னா.”

“போகிறோம் என்று சொன்னாவா?”

“சொல்ல மாட்டினம் நிமல். உங்களுக்கு எங்கட ஆக்களைத் தெரியாது.”

அவர் தன் வேலையைப் பார்த்தார். ‘இரண்டு மணி ஆக இன்னும் நேரம் இருக்கிறது, அந்தப் பிள்ளையிடமே ஒருக்கால் கேட்டால் என்ன’ என்று நினைத்திருப்பார். நான் இடம் கொடுக்கவில்லை. பேனையை எடுத்து மயூரியின் போமில் ‘வெளிநாடு’ என்ற பெட்டியில் முன்கூட்டியே சரி போட்டேன்.

பட்டியலில் அடுத்தவன் கொட்டாஞ்சேனைப் பொடியன் ஒருவன். இரண்டாம் வகுப்பு மேற்பிரிவு, நல்ல பிள்ளை, முதல் மணி அடித்ததுமே எடுத்துப் பேசினான்.

“ஓம் மிஸ், நான் இங்கதான். எங்க போறது? கட்டாயம் நிப்பன் மிஸ்.”

அந்தத் தெளிவான குரல் எனக்குப் பிடித்துக்கொண்டது. ஒன்றே முக்காலுக்கு அவனுடைய பெயர் போனது. நான் சோற்றுப் பெட்டியைத் திறந்து நிம்மதியாகச் சாப்பிட்டேன்.

மூன்று வாரம் கழித்து மயூரி எங்கள் கந்தோருக்கு வந்தாள். கையில் ஹெல்மெட், நெற்றியில் வேர்வை. இருக்கச் சொன்னேன், இருக்கவில்லை.

“மிஸ், எங்கட தொகுதிப் பொடியனுக்குக் கிடைச்ச அந்த ஆராய்ச்சி வேலைக்கு என்ர பேர் ஏன் போகேல்ல எண்டு கேக்க வந்தனான். நான் ஏதும் பிழை விட்டனானா?”

அந்த நேரத்தில் என் வாய்க்கு வந்தது என்ன தெரியுமா? “அவையள்தான் ஒராளைத் தெரிவு செய்தவை, பிள்ளை.” நாங்கள் எல்லோரும் வைத்திருக்கும் பதில் அது. யாரோ எங்கேயோ தெரிவு செய்தார்கள், எங்கள் கையில் ஒன்றுமில்லை. மயூரி தலையாட்டினாள். திரும்பப் போனாள். எதிர் மேசையில் நிமல் நிமிர்ந்து என்னைப் பார்த்தார். அந்தப் பார்வையைத் தாங்கிக்கொண்டு என்னால் இருக்க முடியவில்லை.

“மயூரி, நில்லுங்கோ. நான் சொன்னது பொய்.”

கதவடியில் நின்றாள்.

“உங்கட பேரை நான்தான் குடுக்கேல்ல. நீங்கள் வெளிநாடு போறியள் எண்டு நினைச்சிட்டன். அம்மா கதைச்ச மாதிரி... பிறகு சோபா செற்றையும் வித்தியள்.”

அவள் என்னை விளங்காமல் பார்த்தாள். பிறகு விளங்கியது. சிரிக்கவும் இல்லை, அழவும் இல்லை.

“அப்பாவின்ர கடை மூடிட்டாங்கள், மிஸ். நாங்கள் மத்தியானச் சாப்பாடு பாசல் கட்டிக் கந்தோருகளுக்குக் குடுக்கிறம். ஹோலில இடம் காணாது எண்டுதான் சோபாவை வித்தது. பதினொண்டில இருந்து ஒரு மணி வரைக்கும் நான் ஸ்கூட்டரில நிப்பன், போன் எடுக்கேலாது. அம்மாவுக்கு வெக்கம். பல்கலைக்கழகம் முடிச்ச பிள்ளை சோத்துப் பாசல் குடுக்கிறாள் எண்டு உங்களுக்கு எப்பிடிச் சொல்லுறது எண்டு...”

ஹெல்மெட்டை மற்றக் கைக்கு மாற்றிக்கொண்டு சொன்னாள், “நீங்கள் என்னட்டக் கேட்டிருக்கலாம், மிஸ்.”

எனக்கு வெட்கத்தில் முகம் எரிந்தது. ஐம்பத்தேழு வயதில் ஒரு பிள்ளைக்கு முன்னால் அப்படி நிற்பது இலேசான விஷயம் இல்லை. அன்றைக்கு ரெலிபோனில் பின்னால் கேட்ட பாத்திரச் சத்தம் நினைவுக்கு வந்தது. மூன்று பேர் இருக்கிற வீட்டில் அவ்வளவு பாத்திரம் ஏன் என்று எனக்குத் தோன்றவே இல்லையே!

அடுத்த நாளே அந்த நிறுவனத்துக்குப் போனேன். நடந்ததை ஒளிக்காமல் மேடத்திடம் சொன்னேன். நியமனக் கடிதம் கொட்டாஞ்சேனைப் பொடியனின் கைக்குப் போய்விட்டது. அதைத் திருப்பி வாங்குங்கள் என்று கேட்க எனக்கு வாய் வரவில்லை. அவன் என்ன குற்றம் செய்தான்? நான் விட்ட பிழைக்கு அவனிடம் இருந்து பறிப்பதா? இரண்டாவதாக ஒருவரை எடுக்க முடியுமா என்று மட்டும் கேட்டேன். வெற்றிடம் ஒன்றுதான் என்றார். “அடுத்தது வந்தால் முதலில் இந்தப் பிள்ளையைக் கூப்பிடுகிறோம்,” என்று பெயரை எழுதி வைத்துக்கொண்டார். மயூரியிடம் அதைச் சொன்னேன். “சரி மிஸ், பாப்பம்,” என்றாள்.

நாலாம் மாதம் கொட்டாஞ்சேனைப் பொடியன் அவுஸ்திரேலியாவுக்குப் போய்விட்டான். கட்டாயம் நிற்பேன் என்று என்னிடம் சொன்ன அன்றைக்கே விசாவுக்கு அவனுடைய கைரேகையெல்லாம் எடுத்து முடிந்திருந்ததாம். அவர்கள் வீட்டில் சோபாவை விற்கவில்லை. அதைப் பெரியம்மாவிடம் பாவிக்கக் கொடுத்துவிட்டுப் போனார்கள். இதைக் கேட்டு நிமல் சிரித்தார், நானும் சிரித்தேன். எனக்கு ஒருபக்கம் சந்தோஷமாகக்கூட இருந்தது. இடம் திரும்ப வந்துவிட்டது, மயூரிக்குக் கொடுக்கலாம்.

அன்றைக்கே ஓடினேன். ஆனால் அது நாடு பொருளாதார நெருக்கடியில் விழுந்து, பெற்றோல் வரிசைகள் கொழும்பின் காலி வீதி நீளத்துக்கு நின்ற காலம். மேடம் என்னைக் கண்டதும் மேசையில் இருந்த சுற்றறிக்கையைத் திருப்பிக் காட்டினார். புதிய ஆட்சேர்ப்பு எல்லாம் நிறுத்தம். வெற்றிடமான பதவிகளை நிரப்பக்கூடாது. “நான்கு மாதத்துக்கு முன் அந்தப் பிள்ளை வந்திருந்தால் இன்றைக்கு அவள் உள்ளே இருந்திருப்பாள்,” என்றார். அவர் குத்திச் சொல்லவில்லை, உள்ளதைச் சொன்னார். அந்தப் பதவி பிறகு எப்போதுமே திறக்கவில்லை.

இதை ரெலிபோனில் சொல்லி முடிக்கலாம் என்றுதான் முதலில் நினைத்தேன். பிறகு சனிக்கிழமை காலையில் நடந்தே அவர்கள் வீட்டுக்குப் போனேன். சோபா இருந்த இடத்தில் நீளமான மேசை. வாட்டிய வாழையிலை ஒரு பக்கம், பாசல் சுற்றும் தாள் ஒரு பக்கம். தாய் என்னைக் கண்டதும் கையைச் சேலையில் துடைத்துக்கொண்டு உள்ளே போய்விட்டார். தகப்பன் கதிரை ஒன்றைத் தேடி எடுத்து வந்து போட்டார். சுவரோடு பழைய சைக்கிள் ஒன்று நின்றது. பெற்றோல் இல்லாததால் மயூரி அதில்தான் பாசல் கொண்டுபோகிறாள்.

நான் விஷயத்தைச் சொன்னேன். பதவி மூடிவிட்டது, இனி வராது, என்னால்தான் தவறியது என்றேன். சுற்றி வளைக்கவில்லை.

மயூரி மேசையில் இருந்த கொப்பியின் ஓரத்தைக் கொஞ்ச நேரம் விரலால் தேய்த்தாள்.

“எனக்குக் கோவம் இருக்கு மிஸ். இல்லையெண்டு சொல்ல மாட்டன்.”

“இருக்க வேணும்,” என்றேன்.

அந்தக் கொப்பி திறந்தே கிடந்தது. பார்வை அதில் விழுந்ததால் கேட்டேன், என்ன அது என்று. எந்த நாளில் எத்தனை பாசல் போகும் என்று அவள் முந்தின நாளே கணிக்கிற கொப்பி. வெள்ளிக்கிழமை சைவம் எத்தனை, மழை பெய்தால் எத்தனை கூடும், போயா விடுமுறைக்கு முதல் நாள் எத்தனை குறையும், கந்தசஷ்டி ஆறு நாளும் மீனை எவ்வளவால் குறைப்பது என்று எல்லாம் கோடு கோடாக வரைந்திருந்தாள். முதல் மாதம் ஒவ்வொரு நாளும் சோறு மிஞ்சிக் கொட்டினார்களாம். இப்போது மிஞ்சுவதில்லை.

“ஐந்து பாசல் பிழைச்சால் அம்மா பேசுவா,” என்றாள். அப்போதுதான் கொஞ்சம் சிரித்தாள். நாலு வருடம் விரிவுரையாளர்கள் படிப்பித்ததை இந்தப் பிள்ளை வாழையிலைக்குப் பக்கத்தில் வைத்துச் செய்துகொண்டிருந்தாள், நான் அவளுக்கு என் போமில் ஒரு பெட்டியும் இல்லாமல் வைத்திருந்தேன்.

இரண்டு வாரத்தில் அந்தத் தொகுதிக்கு ஆறு மாத அழைப்பு தொடங்கியது. மயூரியின் போமைக் கடைசியாக வைத்திருந்தேன், பயத்தில்தான். இரண்டரை மணிக்குக் கைத்தொலைபேசிக்கு எடுத்தேன், பதில் இல்லை. வீட்டுக்கு எடுத்தேன். தாய் பேசினார். என் குரலை அடையாளம் கண்டுகொண்டார்.

“மகள் நிக்கிறாவோ, அம்மா? என்ன செய்யிறா எண்டு கேக்கத்தான்.”

இந்த முறை அவர் நிறுத்தவில்லை, குரலும் தாழவில்லை. “மிஸ், நாங்கள் சாப்பாட்டுப் பாசல் குடுக்கிறம். மகள்தான் எல்லாம் பாக்கிறா. மற்றது நீங்கள் என்னட்டக் கேக்காதேங்கோ, அவவிட்டயே கேளுங்கோ. இந்தா, குடுக்கிறன்.”

மயூரி வந்தாள்.

“சொல்லுங்கோ மிஸ்.”

“ஆறு மாதக் கேள்வி, பிள்ளை. இப்ப என்ன செய்யிறீங்கள்?”

“நாலு பெட்டியும் என்னென்ன, மிஸ்?”

வாசித்தேன்.

“முழுநேர வேலை எண்டு போடேலாது. ஒரு மணிக்குப் பிறகு நான் வேற வேலை செய்யிறன். முதுமாணி செய்யிற மூண்டு பேருக்குத் தரவு பகுப்பாய்வு செய்து குடுக்கிறன். மேற்படிப்பும் இல்லை. வெளிநாடும் இல்லை, அதை நீங்கள் வெட்டிவிடுங்கோ. ஆனா ஒண்டுமில்லை எண்டு போட விடமாட்டன்.”

“அப்ப நான் எங்க எழுதுறது?”

“அது உங்கட போம், மிஸ்.”

எதிர் மேசையில் நிமல் எழுதுவதை நிறுத்திவிட்டு இருந்தார். நான் ‘வெளிநாடு’ என்பதில் போட்ட சரியைக் குறுக்கே வெட்டிப் பக்கத்தில் சுருக்கொப்பம் வைத்தேன். பிறகு போமைப் புரட்டி வைத்தேன். பின்பக்கம் முழுக்க வெள்ளையாக இருந்தது. இவ்வளவு வருடமும் அந்தப் பக்கத்தை நான் பாவித்ததே இல்லை.

“ஆறுதலாச் சொல்லுங்கோ மயூரி,” என்றேன். “நீங்கள் சொல்லச் சொல்ல நான் எழுதுறன்.”

இருபது நிமிடம் சொன்னாள். அந்தப் போம் இன்னும் உங்கள் இரும்பு அலுமாரியின் கீழ்த்தட்டில் இருக்கும், கிழித்துப் போடாதீர்கள். அதற்குப் பிறகு வந்த போம்கள் எல்லாவற்றிலும் பின்பக்கத்தில் என் கையெழுத்தைக் காண்பீர்கள். அவளுடையதுதான் முதலாவது. முன்பக்கத்தில் வெட்டுப்பட்டிருக்கிற சரி என்னுடையது.